குமாரசுவாமி கையில் வந்தது தோரியம் அல்ல, தோரியனைட்டு

பத்திராதிபர் அவர்களுக்கு,

வணக்கம். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நடராஜர் திருவுருவம் பற்றி அவர் எழுதியதையும் பொஸ்டன் நூதனசாலையில் அவர் ஆற்றிய பணியையும் கட்டுரையாளர் அரைப் பக்கத்துக்கு நன்றாகவே எழுதியிருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவருடைய இளமைக்காலம் முழுவதையும் ஒரே வரியில் முடித்துவிட்டார். இலங்கையில் கடமையாற்றியபோது குமாரசுவாமி தோரியம் என்ற மூலகத்தைக் கண்டுபிடித்தார் என்பதே அந்த வரி. அது பிழை. அவர் பெயரோடு சேர வேண்டியது தோரியம் நிறைந்த தோரியனைட்டு என்ற கனியம். பலாங்கொடைப் பக்கத்தில் வாழ்ந்து, தமிழ்மூலப் பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இதே வரியைப் பேச்சுப்போட்டிக் கட்டுரைகளிலும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்புவிக்கிறார்கள்.

தோரியம் என்ற மூலகத்தைக் கண்டவர் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்சிலியஸ். நோர்வேயின் லோவோயா என்ற தீவில் எஸ்மார்க் என்பவர் பொறுக்கிய ஒரு கரிய கனியம் அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தது. அதிலிருந்து அவர் புதிய மூலகத்தைப் பிரித்து, நோர்டிக் மக்களின் இடிக் கடவுளான தோர் என்பவரின் பெயரை அதற்கு இட்டார். இது 1829 அளவில் நடந்தது. குமாரசுவாமி பிறந்ததோ 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி. தோரியத்துக்குக் கதிர்த்தொழிற்பாடு, அதாவது தானாகக் கதிர்வீசும் தன்மை, உண்டு என்பதை ஜெர்மனியில் ஷ்மித்தும் பாரிசில் மேரி கியூரியும் 1898இல் தனித்தனியாகக் கண்டார்கள். அப்போது குமாரசுவாமி இலண்டனில் மாணவர்.

பிறகு அவருக்கும் தோரியத்துக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. அது நம்முடைய சப்ரகமுவ மண்ணில் தோன்றிய தொடர்பு. அந்த ஒரு வரியைவிடப் பெறுமதியானதும்கூட.

சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்தர். இரண்டு வயதாகுமுன் தந்தையை இழந்து, ஆங்கிலத் தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார். 1903இல் இலங்கைக் கனிய அளவைத் திணைக்களம் தொடங்கியபோது அதன் முதல் பணிப்பாளர் அவர்தான். வயது இருபத்தைந்து, இருபத்தாறு. இன்றைய புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் தன் வரலாற்றை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். 1906 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். அந்த ஆண்டே இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இலங்கைக் கற்களைப் பற்றிய ஆய்வே அந்தப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. சிற்பத்துக்கோ ஓவியத்துக்கோ கிடைத்த கலாநிதிப் பட்டம் என்று பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பதவியேற்ற சிறிது காலத்தில், பலாங்கொடைக்கு அப்பால் பம்பரபொட்டுவப் பகுதி ஓடைகளில் இரத்தினக்கல் தேடிக்கொண்டிருந்த ஹொலண்ட் என்பவருக்குச் சில விநோதமான கற்கள் அகப்பட்டன. கறுப்பு, கனசதுர வடிவம், அளவுக்கு மீறிய பாரம். அந்தக் கல் எப்படி அகப்பட்டிருக்கும் என்பதை இரத்தினபுரி மாவட்டத்தில் வளர்ந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் உங்கள் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

குழியின் பக்கச் சுவர் சரியாமல் மரங்களை முட்டுக்கொடுத்து, இடுக்குகளில் கெக்கில்ல என்ற பன்னச் செடியைச் செருகி, ஊறும் தண்ணீரைப் பம்பியால் இறைத்தபடி கீழே போகிறார்கள். களியையும் மணலையும் தாண்டி, உருண்டைக் கற்கள் நிறைந்த ஒரு படை வரும். அதைத்தான் குழிக்காரர் இல்லம் என்பார்கள், இரத்தினக்கல் கிடக்கும் படை அது. அதை மேலே ஏற்றி, ஒரு நல்ல நாள் பார்த்துக் கழுவுவார்கள். நீர்க்குட்டையில் இடுப்பளவுக்கு இறங்கி நிற்பவர், பிரம்பால் பின்னிய அகன்ற கூடையைத் தண்ணீரின் மட்டத்திலேயே வைத்துச் சுழற்றுவார். சேறு முதலில் போகும். பிறகு மணல் ஓரத்தால் வழிந்து போகும். பெரிய கூழாங்கற்களைக் கையால் வாரி வீசுவார். கடைசியில் கூடையின் நடுவில் இரண்டு கையளவுக்கு ஒரு கருமையான படிவு மிஞ்சும். நம்புவ என்பார்கள். அந்தக் கூடையை வெயிலுக்குச் சாய்த்துப் பிடிப்பார்கள். மாணிக்கமோ நீலமோ வைடூரியமோ இருந்தால் பெரியவரின் விரல் அதில் போய் நிற்கும். மற்றதெல்லாம் கொட்டப்படும்.

கொட்டப்படும் அந்தக் கருமையில் இல்மனைட்டும் கரும் தோரமல்லியும் ஸ்பினலும் சேர்கோனும் கார்னெட்டும் இருக்கும். மிக அபூர்வமாக, ஒரு மிளகளவிலோ கடலையளவிலோ, தோரியனைட்டும் இருக்கும். அதைக் கண்டுகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம், உள்ளங்கை போதும். மாணிக்கத்தின் அடர்த்தி நீரைப் போல நான்கு மடங்கு. இல்மனைட்டு ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. இரும்பே எட்டு மடங்குக்கு மேல் போகாது. தோரியனைட்டு ஒன்பதரை மடங்கையும் தாண்டும். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்கல் பத்துக் கிராம் அளவுக்கு நிறுக்கும். கூடை சுழற்றும் கை அந்தப் பாரத்தை உடனே உணரும். ஹொலண்டின் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஓடையில் கூடையைச் சுழற்றி, இது வேறு கல் என்று முதலில் எடுத்து வைத்த தொழிலாளி யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. இதை எழுதும்போது அந்த மனிதரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கல் குமாரசுவாமியிடம் வந்தது. அவர் அதை யுரேனியத்தின் கனியமான யுரேனினைட்டு என்று எண்ணினார். அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்பவர்களும் உண்டு. அது நியாயமல்ல. யுரேனியத்தின் ஒட்சைட்டும் தோரியத்தின் ஒட்சைட்டும் உள்ளே ஒரே அடுக்கமைப்பைக் கொண்டவை. இரண்டும் கறுப்பு, இரண்டும் கனசதுரம், இரண்டும் பாரம். ஒன்றில் மற்றது கலந்து வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, பகுப்பாய்வு செய்தே ஆகவேண்டும். இது முக்கியமான பொருள் என்று உணர்ந்து அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதுதான் ஒரு கனிய அளவையாளரின் கடமை. அதை அவர் செய்தார். இலண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் விண்டம் டன்ஸ்டன் ஆராய்ந்தபோது அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தோரியம் ஒட்சைட்டு என்று தெரியவந்தது. அதுவரை உலகில் எந்தக் கனியத்திலும் இந்த அளவுக்குத் தோரியம் காணப்பட்டதில்லை. 1904 மார்ச் இறுதியில் 'நேச்சர்' சஞ்சிகையில் டன்ஸ்டன் இதை அறிவித்தார். தோரியனைட்டு என்ற பெயரும் அவர் இட்டதே. மறு ஆண்டு பிளேக் என்பவருடன் சேர்ந்து ரோயல் சொசைட்டிக்கு விரிவான கட்டுரை கொடுத்தார். இன்றும் உலகக் கனியப் பட்டியல்களில் தோரியனைட்டு முதலில் கிடைத்த இடம் என்று பலாங்கொடையின் பெயர்தான் நிற்கிறது. பலாங்கொடை பஸ் நிலையத்தில் நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தோரியம் அப்படியொன்றும் அரிய மூலகமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பூமியின் மேலோட்டில் அது யுரேனியத்தைவிட மூன்று மடங்கு அளவுக்கு இருக்கிறது. அப்படியானால் தோரியனைட்டு மட்டும் ஏன் அரிது? இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்ட மாணவி ஒருத்தி இன்று வைத்தியர். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

கித்துள் பாணி காய்ச்சும்போது நீர் வற்ற வற்ற அடியில் தங்குவது செறிவாகிக்கொண்டே போகுமல்லவா? கிரனைட்டுப் பாறைக்குழம்பு ஆழத்தில் ஆறும்போதும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. பெல்ஸ்பார், படிகக்கல் (குவார்ட்ஸ்), மைக்கா ஆகியவை முதலில் உறைகின்றன. அளவோ மின்னேற்றமோ பொருந்தாமல் அவற்றின் அடுக்குகளுக்குள் புக முடியாத அணுக்கள் வெளியே தள்ளப்பட்டு, மிஞ்சும் குழம்பில் சேர்ந்துகொண்டே போகின்றன. தோரியமும் யுரேனியமும் தந்தாலமும் பெரிலியமும் அப்படித் தள்ளப்படுபவை. நீராவியும் ஆவியாகும் பொருள்களும் நிறைந்த அந்தக் கடைசிக் குழம்பு, சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் புகுந்து மெல்ல உறைந்தால் அதுதான் பெக்மடைட்டு. பளிங்குகள் பருத்து வளர்வது அங்கேதான்.

ஆனால் அங்கும் ஒரு தடை இருக்கிறது. குழம்பில் சிலிக்கா தாராளமாக இருந்தால் தோரியம் அதனுடன் சேர்ந்து தோரைட்டு என்ற சிலிக்கேற்றாகிவிடும். பெர்சிலியஸ் கையில் வந்தது அதுதான். சிலிக்கா போதாத இடத்தில்தான் தோரியம் ஒட்சிசனோடு மாத்திரம் சேர்ந்து, தூய ஒட்சைட்டாக, தோரியனைட்டாக உறைய முடியும். பெக்மடைட்டுக் குழம்பு சுண்ணாம்புப் பளிங்குப்பாறை போன்ற சிலிக்கா குறைந்த பாறைகளுக்குள் புகுந்து, தன் சிலிக்காவை அவற்றிடம் இழக்கும் சூழல் அதற்கு வாய்ப்பானது. மத்திய மலைநாட்டிலும் சப்ரகமுவவிலும் அத்தகைய பாறைகள் அருகருகே கிடக்கின்றன. சுமார் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் ஒட்டிக் கிடந்த காலத்தில், பெரும் வெப்பத்தில் வெந்த பாறைகள் இவை. மடகஸ்காரின் தெற்கிலும் தோரியனைட்டு கிடைப்பது தற்செயலல்ல. 1950களில் பிரெஞ்சு அணுசக்தி ஆணைக்குழு அங்கே அதைத் தோண்டியெடுத்தது.

பாறை வெயிலிலும் மழையிலும் உக்கிப் போகும். தோரியனைட்டு உக்காது. 3,300 பாகை செல்சியசுக்குத்தான் தோரியம் ஒட்சைட்டு உருகும், ஒட்சைட்டுகளில் அதற்கு மேல் உருகுநிலை உள்ளது வேறில்லை. பாறை போனாலும் கல் மிஞ்சி, ஓடையோடு உருண்டு, விளிம்பு தேய்ந்து, இல்லத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.

அக்காலத்தில் இந்தக் கல்லுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்று இளையவர்கள் கேட்கலாம். பெற்றோமாக்ஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் வராத தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவின்போது தலையில் சுமந்து வரும் அந்த விளக்கின் உள்ளே வெள்ளை வலைப்பை ஒன்று கட்டுவார்கள், மென்டில் என்போம். நூல் எரிந்து சாம்பலாகும். அந்தச் சாம்பல்தான் வெளிச்சம் தரும். அக்கால மென்டிலில் அது நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சேரியம் ஒட்சைட்டுமாக இருந்தது. இந்தக் கலவையை 1891இல் நிலைநிறுத்தியவர் ஒஸ்திரியாவின் அவுவர் பொன் வெல்ஸ்பாக். ஐரோப்பிய நகர வீதிகள் எல்லாம் வாயு விளக்கில் ஒளிர்ந்த காலத்தில், முக்கால் பங்கு தோரியம் கொண்ட ஒரு கல் கிடைத்தால் சும்மா விடுவார்களா? தோரியனைட்டு தொன் கணக்கில் கப்பலேறியது. ஆனால் வளம் சிறியது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தும்பில் ஒட்டியிருந்த மணலில் மொனசைட்டு என்ற கனியத்தைக் கண்டு, அது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் என்று தேடிப் பிடித்தார். மொனசைட்டில் தோரியம் குறைவுதான், ஆனால் கரை முழுவதும் கிடந்தது. அத்துடன் பலாங்கொடைக் கல்லின் சந்தை மங்கியது.

சந்தை மங்கினாலும் ஆய்வுகூடத்தில் அதன் கதை தொடர்ந்தது. கட்டுரையாளர் இதை எழுதவில்லையே என்றுதான் எனக்குப் பெரும் ஆதங்கம்.

குமாரசுவாமி படித்த அதே யூனிவர்சிட்டி கல்லூரியில் சேர் வில்லியம் ராம்சே இரசாயனவியல் பேராசிரியர். சூரியனில் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்ட ஈலியத்தை 1895இல் பூமியின் கனியமொன்றிலிருந்து பிரித்தவர். 1904இல் நோபல் பரிசு பெற்றவர். நம்முடைய தோரியனைட்டு அவர் ஆய்வுகூடத்துக்கும் போனது. அந்த ஆண்டு ஜெர்மனியிலிருந்து ஆங்கிலம் பழக வந்திருந்த ஓர் இளைஞருக்கு, இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெற்ற பேரியம் உப்பைக் கொடுத்து, இதில் ரேடியம் இருக்கிறது, பிரித்தெடு என்றார் ராம்சே. இளைஞர் கதிர்த்தொழிற்பாடு பற்றி அதற்கு முன் எதுவும் செய்ததில்லை. பிரித்துக்கொண்டு போகையில் ரேடியத்தோடு சேராத இன்னொரு பொருள் அகப்பட்டது. தோரியத்தைவிட எத்தனையோ மடங்கு வீரியமாக அது கதிர்வீசியது. 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். அமெரிக்காவின் கதிர்த்தொழிற்பாட்டு ஆய்வாளர் போல்ட்வூட் அப்போது அதை நம்பவே இல்லை. இன்று அதைத் தோரியம்-228 என்று எந்தப் பாடநூலிலும் காணலாம். அந்த இளைஞர் ஒட்டோ ஹான். இரசாயனத் தொழிற்சாலையொன்றில் சேரவிருந்தவரைக் கதிர்த்தொழிற்பாட்டுத் துறைக்குத் திருப்பிவிட்டது இந்தக் கல்தான். அங்கிருந்து மொன்றியலில் ரதர்போர்டிடம் போனார். 1938 இறுதியில் யுரேனிய அணு பிளப்பதைக் கண்டார். 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்காகவே அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கல்லை ஆராய்ந்த இன்னொருவர் இங்கிலாந்தின் பௌதிகவியலாளர் ராபர்ட் ஸ்ட்ரட். தோரியனைட்டைச் சூடாக்கினால் ஈலியம் வெளிவரும். ஒரு கிராம் கல்லிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கன சென்ரிமீற்றர். ஒரு கிராம் கல்லின் கனவளவோ ஒரு கன சென்ரிமீற்றரில் பத்திலொரு பங்குதான். தன் உருவத்தைப் போல எண்பது, தொண்ணூறு மடங்கு வாயுவை அந்தச் சின்னக் கல் உள்ளே அடக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு அணுவும் சிதையும்போது வெளிவரும் அல்பாத் துணிக்கைதான் அந்த ஈலியம். ஆண்டொன்றுக்கு எவ்வளவு ஈலியம் பிறக்கிறது என்று அளந்தால், சேர்ந்திருக்கும் அளவைக் கொண்டு கல்லின் வயதைச் சொல்லலாம். வாயுவில் ஒரு பங்கு காலப்போக்கில் கசிந்துபோயிருக்கும் என்பதால் கிடைப்பது குறைந்தபட்ச வயது. 1910இல் ஸ்ட்ரட் அதைச் செய்து காட்டினார். பூமிக்கு வயது சில கோடி ஆண்டுகள்தான் என்று கெல்வின் பிரபு அழுத்திச் சொல்லிவிட்டுப் போன காலம் அது. ஒரு தோரியனைட்டுத் துண்டே இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று சாட்சி சொன்னால் அந்தக் கணக்கு எப்படி நிற்கும்? பூமியின் வயது பற்றிய பெரும் வழக்கில் சப்ரகமுவ ஓடைக் கல் சாட்சிக் கூண்டில் ஏறியது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

குமாரசுவாமியின் கலைப்பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கட்டுரையாளர் நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கனிய அளவைக்காகத்தான் அவர் கண்டிப் பிரதேசத்தின் ஊர்களுக்குள் போனார். கல்லைத் தேடிப் போன இடத்தில் கொல்லரையும் தட்டாரையும் நெசவாளரையும் விகாரைச் சுவரோவியங்களையும் கண்டார். மனைவி எதெல் கூடவே சென்று புகைப்படம் எடுத்தார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு, பழைய கட்டடங்களைக் கைவிடாதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதியபோது அவர் பணிப்பாளர் நாற்காலியில்தான் இருந்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகால சிங்களக் கலை' என்ற அவருடைய பெருநூலில், உலோகம் எப்படி உருக்கப்பட்டது, சாயம் எதிலிருந்து எடுக்கப்பட்டது, கல் எப்படிப் பட்டை தீட்டப்பட்டது என்று அவர் விரித்திருப்பதைப் படித்தால், பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகிய ஒரு புவிச்சரிதவியலாளரின் கண் தெரியும். இரண்டு குமாரசுவாமிகள் இல்லை.

அவர் பெயரால் ஒரு கனியம் இருக்கிறது என்பதும் கட்டுரையில் இல்லை. 1967இல், வடமேல் மாகாணத்தின் விலகெதரவில் கிடைத்த பேரியம் நிறைந்த மைக்கா ஒன்றுக்கு, முதல் பணிப்பாளரின் நினைவாக ஆனந்தைட்டு என்று பெயர் சூட்டினார்கள். செரண்டிபைட்டு என்ற மற்றொரு கனியத்தைக் கண்டிக்கு அருகில் கண்டு, பிரயருடன் சேர்ந்து 1903இல் விவரித்தவரும் அவரே.

இனி, இந்தக் கடிதத்தை நான் எழுத உந்திய இன்னொரு காரியம். இதை மற்றதைவிடக் கவனமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் விழாத நாட்களில் அவர்களின் அப்பாமாரும் அண்ணன்மாரும் மாணிக்கக் குழிக்குக் கூலிக்குப் போவார்கள். ஒரு மாணவனின் வீட்டுக்குப் போயிருந்தபோது சாமித்தட்டில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், சிறிய பித்தளைக் கிண்ணத்தில் ஒரு கறுப்புக் கல் இருந்தது. குழியில் கிடைத்தது, ராசியான கல் என்று தாத்தா வைத்தாராம். கையில் எடுத்தேன். எடுத்ததும் கை தாழ்ந்தது. மூலைகள் தேய்ந்திருந்தாலும், ஒரு கனசதுரத்துக்குள் இன்னொன்று குறுக்கே புகுந்து, அதன் மூலைகள் முகங்களின் நடுவே முளைத்து நிற்பது தெளிவாகத் தெரிந்தது. இரட்டைப் பளிங்கு. தோரியனைட்டில் அடிக்கடி காணும் அமைப்பு அது. முன்னாள் மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து கதிர்வீச்சை அளக்கும் கைகர்க் கருவி கொண்டுவந்து அருகில் பிடித்தபோது, தனித்தனியாக எண்ண முடியாதபடி அது இடைவிடாமல் படபடத்தது. அந்த அம்மா பயந்துபோனார். பயப்பட வேண்டாம், வீட்டுக்குள் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, பேசி, அந்தக் கல்லை உரியவர்களிடம் ஒப்படைக்க வழி செய்தோம். தாத்தாவின் நினைவுக்கு வேறு கல் வைத்தார்கள்.

தோரியத்தின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 1,405 கோடி ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைவிட நீண்டது. ஆகவே வைத்திருந்து வீரியம் குறையட்டும் என்ற பேச்சுக்கு இடமில்லை. அல்பாக் கதிரைக் காகிதம் தடுத்துவிடும். ஆனால் தோரியத் தொடரின் கடைப்பகுதியில் வரும் தாலியம்-208 மிகுந்த ஊடுருவு சக்தியுள்ள காமாக் கதிரை வீசுகிறது. மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ அதை மறைக்காது. கல்லிலிருந்து ரேடன் வாயுவும் கசியும். ஒரு சிறு கல்லைச் சற்றுநேரம் கையில் எடுத்துப் பார்த்தால் ஆபத்து என்று யாரையும் வெருட்ட நான் விரும்பவில்லை. சட்டைப் பையில், தலையணைக்கடியில், சாமித்தட்டில் ஆண்டுக்கணக்கில் வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. முக்கியமாக, இதற்குள் என்ன நிறம் என்று பார்ப்பதற்காக அரைக்கவோ உடைக்கவோ பட்டை தீட்டவோ கூடாது. தூசு நெஞ்சுக்குள் போனால் காகிதம் தடுக்கும் அதே அல்பாக் கதிர் உள்ளேயிருந்து கேடு செய்யும். சந்தேகமான கல் கிடைத்தால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்துக்குத் தெரிவிப்பதே முறை. தகவல் நல்ல தமிழில் குழி வேலைக்காரருக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பத்திரிகையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குழி மேட்டில் தேநீர் குடிக்கும் நேரத்தில் பழைய பேப்பரைக்கூட வரி விடாமல் படிப்பவர்கள் அவர்கள்.

பத்திராதிபர் அவர்களே, மூன்று காரியங்களைக் கேட்கிறேன். தோரியம் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வரும் ஆகஸ்ட் 22க்கு முன் மாணவர் பக்கத்தில் தோரியனைட்டின் படத்தோடு குமாரசுவாமியின் கனிய அளவைப் பணியைத் தனியாக எழுதுங்கள். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், எந்த மாணவர் கேட்டாலும் விளக்கம் சொல்லவும் தயாராக இருக்கிறேன். இரத்தினபுரி மாவட்டத்துக்குப் போகும் பதிப்பில், கறுப்பாக, கனசதுரமாக, பாரமாக இருக்கும் கல்லைப் பற்றிய எச்சரிக்கையை நாலு வரியில் பெட்டி கட்டிப் போடுங்கள். மூன்றில் ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது என்றால், அந்த எச்சரிக்கையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
பலாங்கொடை.